பின்பக்கத்திலிருந்து எழுதிய கொப்பி

சென்ற இதழில் மொன்ரியால் டாக்சிக் கதை எழுதும்போது, என்னோடு ஒரே காரைப் பங்கு போட்டு ஓட்டிய ஹைட்டிக்காரக் கூட்டாளியைப் பற்றிச் சொல்லியிருந்தேன். பகல் நான், இரவு அவர். டாஷ்போர்டுப் பெட்டியில் அவர் ஒரு கொப்பி வைத்திருந்தார், அதில் அவருடைய ஊரில் பிறந்து செத்துப்போனவர்களின் பெயர்கள் இருந்தன என்று போகிறபோக்கில் இரண்டு வரி. இந்தமுறை வந்த கேள்விகளில் பாதி அந்த இரண்டு வரியைப் பற்றித்தான். சரி, பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன். தங்கம் விலை இறங்குமா என்று கேட்ட கோவை வாசகர் ஒரு மாதம் பொறுக்க வேண்டும்.

கே: அது எந்த ஊர்? எங்கே இருக்கிறது? (மதுரை வாசகர்)

ஜெரெமி. கரீபியன் கடல் நாடான ஹைட்டியின் தென்மேற்கு மூலையில், கடலைப் பார்த்தபடி இருக்கும் துறைமுகப் பட்டணம். அந்த மாகாணத்துக்குக் கிராந்த் ஆன்ஸ் என்று பெயர். ஒரு காலத்தில் கோப்பியும் கொக்கோவும் கப்பலேறிய இடம். தலைநகர் போர்ட் ஓ பிரின்ஸிலிருந்து தரைவழி மலைகளைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்ததால், வெகுகாலம் சனங்கள் படகையே நம்பியிருந்தார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும். ஊருக்கு இன்னொரு பட்டம் உண்டு: கவிஞர்களின் நகரம்.

கே: கொப்பியில் யார் யார் பெயர் இருந்தது? இறந்தவர்களைப் பட்டியல் போட்டுக் காரில் வைத்துக்கொண்டு திரிவது வினோதமாகப் படவில்லையா? (தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி)

முதலில் பட்டது. அப்புறம் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களை நினைத்துக்கொண்டேன். ஒருவர் கண்ணை மூடினால் 31ஆம் நாளுக்குள் படம், தேவாரம், வம்சவழி எல்லாம் போட்டு ‘கல்வெட்டு’ என்று புத்தகமே அச்சடித்துக் கையில் கொடுக்கிற சனம் நாங்கள். அவரைப் பார்த்து வினோதம் என்று சொல்ல எனக்கென்ன யோக்கியதை?

நீல மட்டை போட்ட சாதாரணப் பள்ளிக்கூடக் கொப்பி. முதல் பக்கத்தில் முதல் பெயர் ஜெனரல் தூமா. முழுப்பெயர் தோமா அலெக்சாந்தர். 1762 மார்ச் 25 அன்று ஜெரெமியில் பிறந்தவர். உங்களுக்குத் தெரிந்த அலெக்சாந்தர் தூமா, மூன்று துப்பாக்கி வீரர்களின் கதையை எழுதியவர், இவருடைய மகன். பேரனும் எழுத்தாளர்தான். கூட்டாளிக்கு இதில் ஒரு தீராத கோபம். “கொம்பே, உலகமெல்லாம் பேரனையும் மகனையும் தெரிகிறது, தகப்பனைத் தெரியவில்லை” என்பார். கொம்பே என்றால் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் முறை. கிட்டத்தட்ட நாங்கள் ‘மச்சான்’ என்பதுபோல எல்லாரையும் அப்படிக் கூப்பிடுவார்கள்.

தூமாவின் தகப்பன் ஒரு பிரெஞ்சுப் பிரபு. தாய் அவனுக்குச் சொந்தமான அடிமை, மரி செசெத் தூமா என்ற கறுப்பினப் பெண். பிரபு ஊர் திரும்பக் காசு தேவைப்பட்டபோது சொந்த மகனையே அடகு வைப்பதுபோல விற்று, பிரான்ஸ் போய்ச் சேர்ந்தபிறகு மீட்டெடுத்தான். மகன் 1786இல் குதிரைப்படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேரப் போனான். தன் பிரபுப் பெயர் அவ்வளவு கீழான பதவியில் ஒட்டிக்கொள்வதைத் தகப்பன் விரும்பவில்லை. மகன் தாயின் பெயரை எழுதிக் கொடுத்தான்: தூமா. ஏழே வருடத்தில், 1793இல், ஜெனரல். எகிப்துப் படையெடுப்பில் நெப்போலியனோடு போய், மனக்கசப்பில் திரும்பும் வழியில் தென் இத்தாலியில் பிடிபட்டு இரண்டு வருடம் சிறையில் கிடந்து, உடல் கெட்டு, ஓய்வூதியம் கிடைக்காமல் 1806இல் செத்தார். மகனுக்கு அப்போது நாலு வயதுகூட நிரம்பவில்லை. பாரிஸில் அவருக்குச் சிலை வைத்தார்கள். ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது அதையும் உருக்கிவிட்டார்கள். 2009இல் அந்த இடத்தில் வைத்தது அவர் உருவத்தை அல்ல, உடைந்த அடிமை விலங்கு ஒன்றை. ஜெரெமியில் நடுச்சதுக்கத்துக்குத் தூமா பெயர்.

கொப்பியில் ஜெனரலின் பெயருக்குப் பக்கத்தில், வேறு மையில், ‘மரி செசெத்’ என்று எழுதியிருந்தது. பிறந்த வருடமும் இறந்த வருடமும் எழுதவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி. ஏன் என்று கேட்டேன். ஒரு காகிதம் அவள் 1772இல் ஜெரெமிக்குப் பக்கத்தில் செத்துவிட்டாள் என்கிறது. இன்னொரு காகிதம், கணவன் என்று சொல்லவும் கூசுகிற அந்த ஆள் ஊரைவிட்டுப் போகுமுன் அவளையும் மற்றப் பிள்ளைகளையும் வேறொருவனுக்கு விற்றுவிட்டான் என்கிறது. முதல் காகிதம் மகனின் கல்யாணப் பத்திரம். தாய் விற்கப்பட்டாள் என்று எந்த மகன் தன் கல்யாணப் பத்திரத்தில் எழுதுவான் என்று கூட்டாளி கேட்டார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

அடுத்த பக்கங்கள் முழுக்கக் கவிஞர்கள். எட்சர் விலேர், 1872இல் பிறந்தவர். வக்கீல், வாத்தியார், நீதவான். 1912இல் பிரெஞ்சு அகாடமியே பரிசு கொடுத்தது. மிகச் சுத்தமான பிரெஞ்சு, மிகச் சோகமான கவிதை. எனக்குப் பொறுமை போதவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எட்மோன் லாஃபொரெஸ்ட் வேறு ரகம். 1915 ஜூலையில் அமெரிக்கக் கடற்படை ஹைட்டியில் இறங்கி நாட்டைப் பிடித்துக்கொண்டது. அக்டோபரில் இவர் நீரில் மூழ்கி உயிரைவிட்டார். கழுத்தில் லரூஸ் பிரெஞ்சு அகராதியைக் கட்டிக்கொண்டு குதித்தார் என்று கதை. பாலத்திலிருந்து என்பார்கள் சிலர், வீட்டுக் குளத்தில் என்பார்கள் சிலர். அகராதியின் கனம் சொல்பவரைப் பொறுத்துக் கூடும், குறையும். ஒருமுறை கூட்டாளியே இரண்டு தொகுதி என்றார். இந்தக் கதையை வைத்துக் கருத்தரங்கில் பேசுகிறவர்கள் ‘ஆக்கிரமித்தவனின் மொழி கவிஞனை அமிழ்த்தியது’ என்று அழகாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஆக்கிரமித்தவன் பேசியது ஆங்கிலம். கவிஞர் கட்டிக்கொண்டது பிரெஞ்சு. இது எனக்குப் பல நாள் உறுத்தியது. தான் ஆசைப்பட்டுச் சேர்த்த சொத்தைக் கையோடு கொண்டுபோனார் என்றும் படிக்கலாம் அல்லவா?

எமில் ரூமேருக்கு வந்தால்தான் கூட்டாளியின் முகம் மலரும். 1903இல் ஜெரெமியில் பிறந்து 1988இல் ஜெர்மனியில் இறந்தவர். காதலியைச் சந்திரன், தாமரை என்றெல்லாம் அவர் வர்ணிக்கவில்லை. கத்தரிக்காய் போட்டுச் சமைத்த நண்டைவிட நீ ருசி என்று ஆரம்பித்து, ஹைட்டிக் குசினியில் உள்ள பதார்த்தம் ஒவ்வொன்றாகப் பரிமாறிக்கொண்டே போவார். கூட்டாளி இரவு வேலைக்கு வரும்போது மனைவி கட்டிக்கொடுத்த சாப்பாட்டைத் திறந்துகொண்டு அந்தக் கவிதையைச் சொல்வார் மனிதர். எனக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராத காலம், ஆனாலும் பசித்தது. 1927இல் ஹைட்டியின் சொந்தக் குரலைத் தேடி இளைஞர்கள் ஆரம்பித்த பத்திரிகையை முன்நின்று நடத்தியவர்களில் ரூமேரும் ஒருவர். பிற்காலத்தில் கிரியோலில் எழுதினார். நாட்டில் எல்லாரும் பேசும் மொழி அதுதான். ஆனால் அரசியல் சட்டம் அதைப் பிரெஞ்சோடு சேர்த்து ஆட்சிமொழி என்று ஏற்றுக்கொள்ள 1987 ஆகிவிட்டது.

பிறகு ழான் பிரியேர், 1909 முதல் 1992 வரை. அப்பனும் பிறகு மகனுமாக நாட்டை ஆண்ட சர்வாதிகாரிகளில் அப்பன் டுவாலியர் இவரைச் சிறையில் போட்டார். வெளியே வந்து செனகலில் அடைக்கலம் புகுந்து, ஆட்சி விழுந்தபின் திரும்பிவந்து சொந்த நாட்டில் செத்தார். ரெனே ஃபிலொக்டெட், 1932இல் பிறந்தவர். அவர் 1966இல், மொன்ரியால் இருக்கும் எங்கள் கியூபெக் மாகாணத்துப் பக்கம் வந்துவிட்டுச் சில மாதத்திலேயே திரும்பிப் போய்விட்டாராம். “அந்தக் காலத்தில், அந்த ஆட்சிக்கு, திரும்பிப் போன ஒரே புத்திசாலி” என்று எழுதிவைத்திருந்தார் கூட்டாளி. புத்திசாலி என்பதைப் பாராட்டாக எழுதினாரா என்று இன்றுவரை தெரியாது. கூட்டாளி தானே திரும்பிப் போகவில்லை.

கே: டுவாலியர் காலத்தில் அந்த ஊரில் ஏதோ நடந்ததாகப் படித்தேன். உங்கள் கூட்டாளி அதைப் பற்றிப் பேசுவாரா? (வவுனியாவிலிருந்து ஒரு வாசகர்)

பேசுவார். குறைவாக.

1964 ஆகஸ்ட் தொடக்கத்தில், நியூயார்க்கிலிருந்து வந்த 13 ஹைட்டி இளைஞர்கள் ஜெரெமிக்கு மேற்கே கரையிறங்கினார்கள். டுவாலியரை வீழ்த்தப் போகிறோம் என்று வந்தவர்கள். அவர்களில் பலர் ஜெரெமிப் பிள்ளைகள். கிட்டத்தட்ட மூன்று மாதம் மலைகளில் தாக்குப்பிடித்தார்கள். அவர்கள் மலையில் நிற்கும்போதே அரசு ஊருக்குள் வந்தது. சன்சாரிக், துருவேன், வில்துருவேன் என்ற குடும்பங்களைச் சேர்ந்த 27 பேரை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொன்றார்கள். கிழவிகளும் இருந்தார்கள், இன்னும் நடை தெளியாத குழந்தைகளும் இருந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. ஜெரெமி மாலைச் செபம் என்று அதற்குப் பெயர். மாலைச் செபம் என்றதும் நம் கிறிஸ்தவ வாசகர்களுக்கு வேறு நினைவு வரும். அந்த ஊர்க்காரருக்கு இதுதான் வருகிறது.

13 பேரில் உயிரோடு பிடிபட்ட இருவர் மார்செல் நூமா, லூயி துருவேன். இருவரும் ஜெரெமிக்காரர்கள். அந்த நவம்பர் 12ஆம் தேதி தலைநகரின் மயானச் சுவரோடு கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். பள்ளிக்கூடங்களை மூடிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து பார்க்கவைத்தார்கள். தொலைக்காட்சியிலும் காட்டினார்கள்.

கூட்டாளிக்கு அப்போது ஒன்பது வயது. தகப்பன் சுமை தூக்குகிறவர். அந்தக் குடும்பங்களோ வெள்ளைக் கலப்புள்ள, மாடிவீட்டுக் குடும்பங்கள். இதை அவர் மறைக்கமாட்டார். “அவர்கள் வீட்டு முன்வாசல் வழியாக என் அம்மா ஒருநாளும் போனதில்லை, பின்பக்கம்தான். ஆனாலும் அன்று இரவு அவள் சமைக்கவில்லை” என்றார். 1986 பிப்ரவரியில் மகன் டுவாலியர் நாட்டைவிட்டு ஓடும்வரை, தாய் அந்தப் பெயர்களைச் சத்தமாகச் சொல்லித் தான் கேட்டதில்லை என்றும் சொன்னார். கொப்பியில் 27 கோடுகள் போட்டிருந்தார். எல்லாக் கோட்டிலும் பெயர் இல்லை. சில குழந்தைகளுக்கு வீட்டில் கூப்பிட்ட செல்லப்பெயர் மட்டும்.

இலங்கையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். இதற்குமேல் நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கே: நமக்குத் திவசம், அமாவாசைத் தர்ப்பணம் எல்லாம் உண்டு. அவர்களுக்கு? (காரைக்குடி வாசகி)

தாராளமாக உண்டு அம்மா. சாவீட்டில் இரவு முழுக்கக் கண்விழிப்பு. கோப்பி, டொமினோ ஆட்டம், கதை. கதை சொல்கிறவர் “க்ரிக்?” என்பார். எல்லாரும் “க்ராக்!” என்று பதில் கொடுத்தால்தான் கதை நகரும். அடக்கத்துக்குப் பின் ஒன்பது நாள் செபம். ஒன்பதாவது நாள் ‘கடைசிச் செபம்’. மொன்ரியாலில் ஒன்றுக்கு நான் போயிருக்கிறேன், நிலவறையில் நாற்பது பேர், இஞ்சித் தேநீர், நடுவில் அழுகை, ஓரத்தில் டொமினோக் கட்டை அடிக்கும் சத்தம். எங்கள் ஊர்ச் செத்தவீட்டில் கடதாசி விளையாடுகிறவர்களைத் திட்டும் என் பெரியம்மா நினைவுக்கு வந்தார்.

வானொலியில் மரண அறிவித்தலும் உண்டு. இன்னாரின் தாயார், இன்னாரின் மாமியார், மயாமி, பாஸ்டன், புருக்ளின், மொன்ரியால் என்று வாசித்துக்கொண்டே போவார்கள். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த எவருக்கும் மொழி தெரியாமலே விஷயம் விளங்கும்.

நவம்பர் 1, 2 அவர்களுக்குப் பெரிய நாள். மயானத்தில் வெள்ளையடிப்பார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், தரையில் கோப்பி ஊற்றுவார்கள். வோடு வழிபாட்டுக்காரர்கள் மிளகாய் ஊறவைத்த சாராயம் கொண்டுவருவார்கள். எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று சொல்கிறேன். அந்த மயானத்தில் முதன்முதலில் புதைக்கப்பட்ட ஆண் எவனோ, அவன் இருக்கும் இடத்துச் சிலுவைதான் மயானத்தின் அதிபதியான பாரோனுடைய சிலுவை. வேறு யார் கல்லறைக்குப் போவதென்றாலும் முதலில் அங்கே ஒரு மெழுகுவர்த்தி. அவன் பெயர் என்ன என்று கூட்டாளியிடம் கேட்டேன். “பெயர் எதற்கு, அவன்தான் முதல் ஆள்” என்றார். அவர் கத்தோலிக்கர். கேட்டால் இதெல்லாம் தனக்கு நம்பிக்கை இல்லை என்பார். நவம்பர் 2ஆம் தேதி மட்டும் கார் எடுக்கமாட்டார். அன்று இரவும் நான்தான் ஓட்டுவேன்.

கே: ஜெனரல், கவிஞர், மாடிவீட்டுக்காரர். ஊரில் வேறு யாருமே சாகவில்லையா? (பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகர், சேலம்)

கோபத்தோடு கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே கேள்வியை இதே தொனியில் கேட்டேன். 1997 வாக்கில், பெட்ரோல் நிலையத்தில் கார் மாற்றிக்கொள்ளும்போது. அவர் ஒன்றும் சொல்லாமல் கொப்பியைத் தலைகீழாகத் திருப்பிப் பின்மட்டையிலிருந்து திறந்தார். அந்தப் பக்கத்திலிருந்தும் எழுதியிருந்தது. முன்பக்கத்தைவிடப் பொடி எழுத்து, அதிகப் பக்கங்கள்.

படகை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று முதலில் சொன்னேன் அல்லவா. 1993 பிப்ரவரி 16ஆம் தேதி, நெப்டியூன் என்ற படகு ஜெரெமியிலிருந்து போர்ட் ஓ பிரின்ஸுக்குக் கிளம்பியது. இரவு முழுக்கப் பயணம். வாழைக்குலை, கரிமூட்டை, ஆடுமாடு, அவற்றோடு தலைநகரில் விற்கப்போகிற சந்தைக்காரப் பெண்கள். எத்தனை பேர் ஏறினார்கள் என்று எழுதிவைத்த தாள் கிடையாது. மழையும் காற்றும் வந்தபோது கூட்டம் ஒருபக்கமாகச் சாய, படகும் சாய்ந்தது. உயிர்காப்பு உடுப்புகள் இல்லை. பிழைத்தவர்கள் 300 பேர் அளவில். இறந்தவர்களை 700 என்றும் எழுதுகிறார்கள், ஆயிரத்துக்கும் மேல் என்றும் எழுதுகிறார்கள். ஏறியவர்களையே எண்ணாதபோது எதிலிருந்து எதைக் கழிப்பது?

கூட்டாளியின் பின்பக்கப் பெயர்கள் பெரும்பாலும் அந்தப் படகில் போனவர்கள். அவருடைய சித்தி முதல் பெயர். அதற்குப் பிறகு இருந்தவற்றை நான் வாசித்த மாதிரியே தருகிறேன்: ‘மீன் விற்பவள், இடதுகாலை நொண்டுவாள்.’ ‘தேவாலயத்தில் மணி அடிப்பவனின் மனைவி.’ ‘எனக்குக் கடன் தரவேண்டியவன், விட்டுவிட்டேன்.’ ‘சீமைப்பலா இடிப்பதில் ஊரில் இவளை மிஞ்ச ஆளில்லை.’ இந்தக் கடைசி ஆள் சாதாரண ஆளல்ல என்று விளக்கினார். அவர்கள் பக்கத்துத் தொம்தொம் என்பது அவித்த சீமைப்பலாவை உலக்கையால் இடித்துப் பசையாக்கி, வெண்டைக்காய்க் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்குவது. நம் களி மாதிரி. கட்டி நின்றால் தொண்டையில் மாட்டும். கட்டியில்லாமல் இடிக்கிறவளை ஊர் எப்படி மறக்கும்?

பிறகு 2016 அக்டோபர் 4, மத்தேயு புயல். ஊரில் கூரை மிஞ்சிய வீடுகளை விரல்விட்டு எண்ணலாம் என்றார். தேவாலயத்துக் கூரையும் போனது. 2021 ஆகஸ்ட் 14, பூகம்பம், 7.2. தென்பகுதி முழுவதும் 2,200 பேருக்கு மேல் செத்தார்கள். அப்போது அவர் டாக்சியை விட்டுச் சில வருடம் ஆகியிருந்தது. தொலைபேசியில் கேட்டேன், எழுதினீர்களா என்று. இரண்டாவது கொப்பி வாங்கியிருப்பதாகச் சொன்னார். முன்பக்கம் என்ன எழுதினீர்கள் என்றேன். இந்தமுறை இரண்டு பக்கமும் பின்பக்கம்தான் என்றார்.

கே: கொப்பியைப் படம் பிடித்துப் போடலாமே? (சென்னை வாசகர்)

கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டார். கடன் தரவேண்டியவனின் பிள்ளைகள் மொன்ரியாலில் இருக்கிறார்களாம்.

கே: அந்த ஊர்ப் பலகாரம் ஏதாவது சாப்பிட்டதுண்டா? (ஒன்பதாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்)

இதைக் கேட்க ஒருவராவது வந்தீர்களே, மகளே! கொம்பரெட் என்று ஒன்று, ஜெரெமியின் பெயரோடே சேர்த்துச் சொல்வார்கள். இஞ்சி, தேங்காய், கரும்பின் இனிப்பு எல்லாம் சேர்த்துச் சுட்ட ரொட்டி. கனமென்றால் அப்படிக் கனம். நாள்பட இருக்கும் என்பதால் பிரயாணம் போகிறவர்கள் கையோடு கொண்டுபோவார்களாம். ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒன்றைக் கூட்டாளி எனக்காக டாஷ்போர்டுப் பெட்டியில், கொப்பிக்கு மேலே வைத்துவிட்டுப் போயிருந்தார். ஜனவரி மாதம், வெளியே மைனஸ் 22. கல்லாகிவிட்டது. ஹீட்டருக்கு முன்னால் பிடித்துப் பிடித்து, கோப்பியில் தோய்த்து, ஒரு பகல் முழுக்கச் சவாரிக்குச் சவாரி கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து முடித்தேன். மாலையில் அவர் வந்து பார்த்துவிட்டுக் கேட்டது, “முழுவதுமா? பாதி எனக்கு என்று எழுதி வைத்திருந்தேனே, பார்க்கவில்லையா?”